ஜன்னல் சீட் எந்தப் பக்கம்? திருச்சி, மதுரையில் விமானம் ஏறும் செட்டிநாட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து விமானம் ஏற வேண்டும் என்றால் வடக்கே திருச்சி, இல்லை மேற்கே மதுரை. இரண்டும் காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். சிங்கப்பூரில் பிள்ளைகள், கோலாலம்பூரில் சொந்தம், சென்னையில் வேலை என்று நம் பக்கத்தில் விமானம் ஏறாத வீடு குறைவு. ஆனால் டிக்கெட் போடும்போது “ஜன்னல் ஓரமா ஒண்ணு போடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாதி வேலை. எந்தப் பக்கத்து ஜன்னல், எத்தனையாவது வரிசை, எந்த நேரத்து விமானம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வழிகளில் கீழே தெரிவது நம் கண்மாய்கள், நம் காவிரி, நம் முன்னோர்கள் கடந்து போன கடல். அதைப் பார்க்காமல் தூங்கிப் போவது எனக்கு மனசு கேட்காத விஷயம். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏ சீட் எந்தப் பக்கம்? எஃப் எந்தப் பக்கம்?

விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஏ எப்போதும் இடப்பக்க ஜன்னல். பக்கத்துக்கு மூன்று சீட் உள்ள ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளில் வலப்பக்க ஜன்னல் எஃப். இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம் என்றால் வலப்பக்க ஜன்னலுக்குப் பெரும்பாலும் கே என்ற எழுத்து இருக்கும். கீழே நான் இடம், வலம் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

வரிசை எண் அவ்வளவு முக்கியமா?

பக்கத்தைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். சரியான பக்கத்தில் உட்கார்ந்தும் வழி முழுக்க இறக்கையின் தகட்டைப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். ஏர்பஸ் 320-இல் ஏறத்தாழ 9-ஆவது வரிசையிலிருந்து 20-ஆவது வரை இறக்கை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வரிசைகளில் தூரத்துத் தொடுவானம் தெரியும், நேர் கீழே இருக்கும் தரை தெரியாது.

இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகள்தான் என் முதல் விருப்பம். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால் இருப்பவருக்கு அது குறுக்கே வராது. இன்ஜின் விடும் வெப்பக் காற்றும் பின்னால் போய்விடும். பின்வரிசையில் உட்கார்ந்தால் அந்த வெப்பத்தில் கீழே இருக்கும் ஊரெல்லாம் நெளிந்து தெரியும், படமும் கலங்கலாக விழும். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் நேராகக் கடைசி நாலைந்து வரிசைகளுக்குப் போய்விடுங்கள். அங்கே இறக்கை நன்றாக முன்னால் தள்ளிப் போயிருக்கும். நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சின்ன விசிறி விமானம் போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள்! வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல விமானம் கிடையாது. அது ஏடிஆர் 72. நம் பக்கத்தில் சென்னை, பெங்களூரு போன்ற குறுந்தூரத்துக்கு இண்டிகோ இதைப் பயன்படுத்துகிறது. இதில் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் ஜன்னலுக்குக் கீழே மறைப்பு ஏதும் இல்லை. ஜெட் விமானங்கள் நீண்ட பயணத்தில் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது, இது அதில் பாதி உயரத்தில் நிதானமாகப் போகும். வயல் வரப்பு, ரயில் பாதை, கோயில் குளம் எல்லாம் அடையாளம் தெரியும்.

ஏடிஆரில் பக்கத்துக்கு இரண்டே சீட், நடுச்சீட்டே இல்லை. ஜன்னல் ஏ, எஃப். முன்வரிசைகளுக்கு நேரே விசிறி சுழல்வதால் சத்தமும் அதிகம், பார்வைக்கும் இடைஞ்சல். பின்பாதியில் போடுங்கள். ஏறும் வழியும் பின்னால்தான் என்பதால் வயதானவர்களுக்கும் நடை குறைவு. குழந்தைகள் கூட வந்தால் நடு வரிசை சரி. சக்கரம் மடங்கி உள்ளே போவதும், இறங்கும்போது புழுதி கிளப்பித் தரையைத் தொடுவதும் அங்கிருந்து கண்ணெதிரே தெரியும்.

ஜன்னல் சீட் என்று காசு வாங்கிவிட்டு வெறும் சுவரைக் கொடுத்துவிட்டார்களே?

நடக்கக்கூடியதுதான். ஜன்னல்களின் இடைவெளி விமானத்தின் எலும்புக்கூட்டைப் பொறுத்தது, சீட்டுகளின் இடைவெளியை விமான நிறுவனம் முடிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும். போயிங் 737-இல் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறுவதால் 10, 11-ஆவது வரிசை அருகே இடப்பக்கம் ஜன்னலே இல்லாத சீட் ஒன்று வரும். அந்த வரிசைகள் இறக்கைப் பகுதியும்கூட, ஆகையால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மேலிருந்து நம்ம ஊர் தெரியுமா?

தெரியும், வழி சரியாக அமைந்தால். திருச்சியிலிருந்து கொழும்புக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது புதுக்கோட்டையைத் தொட்டு, காரைக்குடி, தேவகோட்டைக்குச் சற்றுக் கிழக்கே இறங்குகிறது. அப்படியானால் செட்டிநாடு வலப்பக்கம். கிளம்பிப் பத்து நிமிடம் போல ஆகியிருக்கும், விமானம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் திருமயம் கோட்டை நிற்கும் பாறையைத் தேடுங்கள், அதற்குத் தெற்கே பார்வையை ஓட்டினால் நம் ஊர்கள்.

பக்கத்துக் கிராமங்கள் பாதைகள் கூடும் இடத்தில் திட்டுத் திட்டாகக் கிடக்கும்போது, நம் ஊர்கள் மட்டும் கோடு போட்டு வெட்டிய மாதிரி நேர்த் தெருக்களாகத் தெரியும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள். ஓட்டுக்கூரையின் செம்மண் நிறம், ஊர் நடுவே சதுரமாக ஊருணி. தரையில் நின்று பார்த்தால் ஒரு வீட்டின் முகப்புதான் கண்ணில் படும். ஊரே ஒரு திட்டத்தோடு கட்டப்பட்டது என்பது மேலேயிருந்து பார்க்கும்போதுதான் முழுசாகப் புரிகிறது.

அப்புறம் கண்மாய்கள். நம் நிலம் தென்கிழக்காகக் கடலை நோக்கிச் சாய்கிறது. தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு, ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படி கட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்தச் சங்கிலி முழுக்க நீர் நிற்கும். வைகைக்கும் காவிரிக்கும் நடுவில் பெரிய ஆறு இல்லாத சீமையை எப்படி வாழவைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேறு எங்கும் கிடைக்காது. சில கண்மாய்கள் கருவேலம் மண்டிப் பச்சையாகவே தெரிவதையும் பார்ப்பீர்கள். பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும்.

கொழும்பு விமானத்தில் வலப்பக்கம் ஊர் என்றால் ராமேஸ்வரம்?

அது இடப்பக்கம். இந்த ஒரு வழியில்தான் எதை விடுவது என்று தவிக்க வேண்டியிருக்கிறது. திருச்சி–கொழும்பு நேர்கோட்டுக்கு இடப்புறம் பத்து, இருபது கிலோமீட்டருக்குள் ராமேஸ்வரம் தீவும் தனுஷ்கோடியும் வருகின்றன. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியின் மணல் முனை, அங்கிருந்து தலைமன்னாரை நோக்கிப் புள்ளி வைத்தது போல் போகும் ராமர் பாலத்து மணல் திட்டுகள், எல்லாம் சேர்ந்து ஒரே ஜன்னலில். இருபுறமும் கடல் நிறம் வேறு வேறாக இருப்பதையும் கவனியுங்கள். ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பக்கம் வெளிறியும், மன்னார் வளைகுடா கருநீலமாகவும் இருக்கும்.

முதல் முறை போகிறவர் இடப்பக்கம் எடுங்கள் என்பது என் கருத்து. கணவன் மனைவியாகப் போனால் ஒரே வரிசையில் ஆளுக்கொரு ஜன்னல் எடுத்துக்கொள்ளலாம், பேச்சுத் துணைக்கு ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா என்ன. மதுரையிலிருந்து கொழும்பு போனாலும் ராமேஸ்வரம் இடப்பக்கம்தான், ஆனால் எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் நாளில்தான் தெரியும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கு?

திருச்சியிலிருந்து கிளம்பிக் கிழக்கு-தென்கிழக்காகப் போகிறது. பகலில் போனால் முதல் அரை மணி நேரம்தான் தரை. இடப்பக்கம் காவிரிப் படுகை: தஞ்சாவூர், திருவாரூர் வயல்கள், அப்புறம் நாகப்பட்டினக் கரை. வலப்பக்கம் பாக் நீரிணை, யாழ்ப்பாணக் குடாநாடு. பிறகு வங்கக்கடல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீலம்தான். கடைசியில் சுமத்ராவின் வடமுனையை ஒட்டி மலாக்கா நீரிணைக்குத் திரும்பும்போது வலப்பக்கம் சுமத்ராவின் மலைகள் மேகத்துக்கு மேலே தலைகாட்டும்.

நாகப்பட்டினத்தைக் கடக்கும்போது நான் எப்போதும் எட்டிப் பார்ப்பேன். கொண்டுவிற்கப் போனவர்கள் பெட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் கப்பல் ஏறிய துறை அது. ரஜூலா கப்பல் பினாங்கு போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும். அதே தண்ணீரை நாம் நாலு மணி நேரத்தில் தாண்டுகிறோம்.

சிங்கப்பூரில் இறங்கும் காட்சி காற்றைப் பொறுத்தது. சாங்கி ஓடுதளங்கள் வடக்கு–தெற்காக இருக்கின்றன. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து காற்று, அதனால் பெரும்பாலும் தெற்கே கடல் மேல் சுற்றி வந்து வடக்கு நோக்கி இறங்கும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் கணக்கில்லாமல் தெரியும், நகரம் இடப்பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தெற்கிலிருந்து. ஜொகூர் பக்கமிருந்து தெற்கு நோக்கி இறங்குவார்கள், நகரம் வலப்பக்கம் தூரத்தில்.

கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்திலிருந்து வெகு தூரம் தெற்கே செபாங்கில் இருக்கிறது. இரட்டைக் கோபுரத்தைத் தேடிக் கழுத்தை வலிக்கவிட வேண்டாம். இரு பக்கமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்தான்.

மதுரை–சென்னை, திருச்சி–சென்னை?

போகும்போது வலப்பக்கம். மதுரையிலிருந்து என்றால் கிளம்பியதும் வலப்பக்கம் தூரத்தில் நம் சீமை, பிறகு விமானம் திருச்சியை ஒட்டிப் போகும்போது காவிரி, கொள்ளிடம், கல்லணை. முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டு ஆறு போகும் விதத்தை அங்கே பார்க்கலாம். அதற்குப் பின் புதுச்சேரிப் பக்கம் கடற்கரை வந்து சேரும். இடப்பக்கத்துக்காரர்களுக்குப் பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலை. மலைப்பித்து உள்ளவர்கள் அதை எடுக்கலாம்.

சென்னையில் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் மேல் போய்த் திரும்பி, அடையாறு முகத்துவாரம் பக்கமாக உள்ளே வருவார்கள். அப்போது மெரினா வலப்பக்கம். வலப்பக்கம் எடுத்ததற்கு இது கூடுதல் லாபம். ஊர் திரும்பும்போது எல்லாம் மாறிவிடும், கடலும் படுகையும் இடப்பக்கம் போய்விடும். இதை மறந்து இரண்டு வழிக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

திருச்சி–பெங்களூரு?

இடப்பக்கம். கொல்லிமலை, சேர்வராயன் மலை, தெளிவான நாளில் மேட்டூர் அணை நீர்ப்பரப்பு.

திருச்சியில் இறங்கும்போது மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் தெரியுமா?

இரண்டுமே விமான நிலையத்துக்கு வடக்கே. ஓடுதளம் கிழக்கு–மேற்கு. கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கினால் வடக்கு உங்கள் வலப்பக்கம், மேற்கிலிருந்து வந்தால் இடப்பக்கம். 1987-இல் முடித்த ராஜகோபுரம் 236 அடி என்பதால் வெள்ளை மேகம் இல்லாத நாளில் தவறவே தவறாது. மதுரையிலும் ஓடுதளம் கிழக்கு–மேற்குதான், நகரமும் மீனாட்சியம்மன் கோபுரங்களும் வடக்கே. அதே கணக்கு பொருந்தும்.

வெயில் கண்ணில் அடிக்காத பக்கம் எது?

இங்கே இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். நிறம் பார்க்க, படம் எடுக்க, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நல்லது. காலையில் சென்னை போனால் சூரியன் வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம். எதிர்ப்பக்க ஜன்னலில் இன்னொரு பரிசும் உண்டு. மேகத்தின் மேல் விமானத்தின் நிழல் விழும்போது அதைச் சுற்றி வானவில் வட்டம் ஒன்று கூடவே ஓடிவரும்.

ஆனால் நீர்நிலை பார்க்க வேண்டும் என்றால் சூரியன் இருக்கும் பக்கமே உட்காருங்கள். கண் கொஞ்சம் கூசும், பரவாயில்லை. விமானம் நகர நகர ஒவ்வொரு கண்மாயும் வெள்ளித் தகடாக மின்னி அணையும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதே கண்மாய் மங்கலான பழுப்புத் திட்டுதான்.

சூரிய உதயம், அஸ்தமனம் பார்க்க?

சிங்கப்பூருக்கு இரவில் கிளம்பி விடியலில் சேரும் விமானத்தில் ஆண்டின் பெரும்பகுதி இடப்பக்கம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால் கிட்டத்தட்ட விமானத்தின் மூக்குக்கு நேராகப் போய்விடும். விடியலும் சட்டென்று நடந்து முடிந்துவிடும், ஏனென்றால் நாமும் சூரியனை நோக்கி ஓடுகிறோம்.

அங்கிருந்து சாயங்காலம் திரும்பினால் அதற்கு நேர்மாறு. பூமி சுழலும் வேகத்தில் பாதி அளவுக்கு விமானமும் மேற்கே ஓடுவதால், தரையில் நின்று பார்க்கும் அஸ்தமனத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அது நீடிக்கும். அதற்கும் இடப்பக்கமே மேல். அந்தி விமானம் கிடைத்தால் நூறு, இருநூறு ரூபாய் கூடப்போனாலும் எடுங்கள்.

எந்த மாதம் நன்றாகத் தெரியும்?

மழை கழுவிவிட்ட மார்கழி, தை. கண்மாயும் நிரம்பியிருக்கும், வயலும் பச்சை. சித்திரை, வைகாசியில் புழுதியும் வெப்பமும் சேர்ந்து தரையை மூடிவிடும். எந்த மாதமானாலும் காலை விமானம் நல்லது, மதியத்துக்கு மேல் மேகம் குவிய ஆரம்பித்துவிடும்.

இரவு விமானத்தில் ஜன்னல் எதற்கு?

இருக்கிறது வேலை. பாக் நீரிணையில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். வங்கக்கடலில் தூரத்து மேகங்கள் உள்ளுக்குள் மின்னல் வெட்டி ஒளிர்வது, சத்தமே இல்லாமல். உங்கள் தலைக்கு மேல் உள்ள விளக்கை அணைத்து, போர்வையைத் தலையோடு போர்த்தி ஜன்னலில் முகம் வையுங்கள். கண்ணாடியில் உள்வெளிச்சம் விழாமல் இருந்தால்தான் வெளியே தெரியும். நிலா இல்லாத இரவில் நட்சத்திரங்களும் ஊரில் பார்ப்பதைவிட அதிகம்.

விமானம் எந்த வழியாகப் போகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பிளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் முந்தைய நாட்களில் அது போன பாதை வரும். நாலைந்து நாள் பாதையைப் பார்த்துவிட்டு சீட் போடுங்கள். காற்றும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அன்றைக்கு எதை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனாலும் பெரும்பாலும் ஒத்துவரும். என்ன விமானம் என்பதும் அதிலேயே தெரியும்.

எங்கள் அப்பத்தாவுக்கு 76 வயது, முதல் விமானப் பயணம். ஜன்னல் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். நடுச்சீட்டில் நீங்கள் இருங்கள். கழிவறைக்கு எழுந்து போக இருவரைத் தாண்ட வேண்டும் என்பதால் நடைபாதை சீட்டிலும் நம் ஆள் இருந்தால் அவர்கள் கூச்சப்படாமல் கேட்பார்கள். அவசர வழி வரிசையில் மட்டும் போடாதீர்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே அனுமதி இல்லை, கடைசி நிமிடத்தில் இடம் மாற்றி ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்வரிசைச் செலவை வேறு எதற்காகவும் செய்ய வேண்டாம், இவர்களுக்காகச் செய்யலாம். கீழே என்ன வருகிறது என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வாருங்கள்: “அப்பத்தா, அந்தா தெரியுது பாருங்க, அதுதான் கொள்ளிடம்.”

செட்டிநாட்டிலேயே விமானத் தளம் இருந்ததாமே?

ஆமாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கானாடுகாத்தான் பக்கம் ராணுவத்துக்காகப் போட்ட தளம். இன்று பயணிகள் சேவை கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு விமான ஆசை புதிதும் இல்லை. காரைக்குடிக்குக் கல்லூரிகள் தந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனையடுத்த குராய்டனில் விமானம் ஓட்டச் சான்றிதழ் பெற்றவர்.

சீட் தேர்ந்தெடுக்கக் காசு கட்டாமல் ஜன்னல் கிடைக்குமா?

சில சமயம். வெப் செக்-இன் திறந்த உடனே உட்கார்ந்தால் பின்வரிசை ஜன்னல் இலவசமாகவோ குறைந்த தொகைக்கோ கிடைக்கலாம். கிடைக்கவில்லை என்றால் கவுன்டரில் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இன்னொருவர் காசு கட்டி எடுத்த ஜன்னலை “குழந்தை கேக்குது” என்று பிடுங்க வேண்டாம். அவரும் ஏதோ பார்க்கத்தான் எடுத்திருப்பார்.

செல்போனில் படம் நன்றாக வரவே மாட்டேன் என்கிறதே?

ஃபிளாஷை அணையுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வையுங்கள், ஆனால் முட்டுக்கொடுக்காதீர்கள், அதிர்வு படத்தில் ஏறிவிடும். கறுப்புத் துணியோ கையோ வைத்து உள்வெளிச்சத்தை மறையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் ஜன்னலில் வண்ணக் கோடுகள் தெரியும், அதைக் கழற்றிவிடுங்கள். ஜன்னலின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அழுத்தத்தைச் சமப்படுத்தவும் பனி படியாமல் இருக்கவும் வைத்தது.

எடுக்கும் நேரமும் முக்கியம். ஏறிய முதல் பத்து நிமிடமும் இறங்கும் கடைசிப் பதினைந்து நிமிடமும்தான் ஊரும் தெருவும் அடையாளம் தெரியும் உயரம். ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையங்களில் படம் எடுக்கக் கூடாது, ஜன்னலை மூடச் சொன்னால் மூடிவிட வேண்டும். மற்றபடி போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக்கொண்டு எடுக்கலாம். ஊர் தெரியும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும், நான் சொல்வதானால், போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.